கொரியாவில் திட்டமும் ஆராய்ச்சியும்

சர்க்கார் பொக்கிஷத்திலிருந்து சம்பளம் பெறும் அறிஞர் ஒருவர், அந்தச் சர்க்காரின் மந்திரியைப் பார்த்து, "தாங்கள் போட்டிருக்கும் திட்டம் ஆகாது; இதில் இறைக்கும் பணம் திரும்பாது" என்று சொல்லலாமா? சொன்னால், மறுநாளும் அவர் தம் ஆசனத்தில் அமர்ந்திருக்க முடியுமா? இவ்விரண்டு கேள்விகளுக்கும் ஒரு தேசம் அளிக்கும் விடையைக் கொண்டே அங்கு நடைபெறும் திட்ட வேலையின் தரத்தை நாம் மதிப்பிடுவோம். திட்டம் வகுப்பது எளிது. காகிதமும் மையும் இருந்தால் போதும். வகுத்த திட்டத்தைத் தயவு தாட்சண்யமின்றிப் பரிசோதிக்கும் ஏற்பாட்டைச் செய்து, அதன் தீர்ப்புக்குத் தலைவணங்குவதுதான் அரிது. தென் கொரியாவின் சரித்திரம் இவ்வுண்மையை விளக்குவது போல் வேறொன்றும் விளக்காது.

அறுபது வருஷங்களுக்கு முன் அத்தேசம் இருந்த நிலையை நேயர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1945-ம் வருஷம் ஜப்பானிய ஆதிக்கத்தினின்று விடுபட்ட கொரியா, இரண்டு துண்டாகிற்று. 1950 முதல் 1953 வரை நடந்த யுத்தம் எஞ்சியிருந்ததையும் சாம்பலாக்கிற்று. 1961-ம் வருஷம் மே மாதம் சேனாதிபதி பார்க் சுங்-ஹீ பலாத்காரமாக ஆட்சியைக் கைப்பற்றினார். அவ்வருஷம் ஜூலை மாதமே பொருளாதாரத் திட்ட சபை ஏற்பட்டது. திட்டம் வகுக்கும் வேலையும் வரவுசெலவுத் திட்டம் தயாரிக்கும் வேலையும் அச்சபையின் கையிலேயே ஒப்படைக்கப்பட்டன. 1963-ம் வருஷ முடிவு முதல் அதன் தலைவர் துணைப் பிரதம மந்திரி என்ற பதவியையும் பெற்றார். 1962-ல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிற்று. 1964-ல் 10 கோடி டாலரை எட்டிய ஏற்றுமதி, 1977-ல் 1,000 கோடி டாலராயிற்று. இவ்வளர்ச்சியை மறுப்பாரில்லை.

இக்கணக்கில் சேராத கணக்கு ஒன்றுண்டு. 1970-ம் வருஷம் நவம்பர் 13-ந் தேதி, சியோல் நகரத்துத் துணிச் சந்தையில் தையல் தொழிலாளியான சோன் தே-இல் என்னும் இளைஞர், தொழிற் சட்டத்தை அமல் நடத்தக் கோரித் தம் உடலுக்குத் தாமே தீ மூட்டிக்கொண்டு மாண்டார். அவருக்கு வயது 22. சட்டம் ஏட்டில் இருந்தது, தொழிற்சாலையில் இல்லை. ஏற்றுமதிப் புள்ளிகளை நாள்தோறும் எண்ணிய சபைக்கு, தாழ்ந்த கூரையின் கீழ் தூசியைச் சுவாசித்துத் தைத்துக்கொண்டிருந்த சிறுமிகளை எண்ண நேரமிருக்கவில்லை. குறை கூறுவோன் வாயை அடைத்துவிட்டுப் போடும் திட்டத்தில், இத்தகைய குருட்டுத்தனம் தவிர்க்க முடியாதது.

இதற்குச் சில மாதங்களுக்குப் பின், 1971-ம் வருஷம் மார்ச் மாதம், கொரிய அபிவிருத்தி ஆராய்ச்சிக் கழகம் தோன்றிற்று. தனிச் சட்டத்தின் மூலம் அமைந்த ஸ்தாபனம் அது. அயல்நாடுகளில், முக்கியமாக அமெரிக்காவில், கல்வி பயின்ற பொருளாதார நிபுணர்களை நல்ல சம்பளம் கொடுத்துத் தாய்நாட்டுக்கு அழைத்து வந்தனர். அவர்களைச் சர்க்கார் உத்தியோகஸ்தர்களாக்காமல் தனி ஸ்தாபனத்தில் இருத்தியதே அந்த ஏற்பாட்டின் சூக்ஷ்மம். உத்தியோகஸ்தன் மேலதிகாரியின் முகத்தைப் பார்ப்பான். ஆராய்ச்சியாளன் புள்ளிவிவரத்தைப் பார்க்க வேண்டுமென்பது கருத்து. சர்வாதிகார ஆட்சி ஒன்று இதைச் செய்தது ஆச்சரியமே.

செய்ததோடு சரி, கேட்டதா? 1973-ம் வருஷம் ஜனவரியில் கனரகத் தொழில்களையும் ரசாயனத் தொழில்களையும் பெருக்குவதெனப் பார்க் பிரகடனம் செய்தார். அவ்வேலையைத் திட்ட சபையின் கையில் விடாமல், ஜனாதிபதியின் சொந்தக் காரியாலயத்திலிருந்தே நடத்தினார். எஃகும் கப்பலும் பெருகின. அவற்றோடு கடனும் விலைவாசியும் பெருகின. வேகத்தை அடக்கி விலைகளை நிலைநிறுத்த வேண்டுமென்று திட்ட சபையினர் சிலரும் ஆராய்ச்சிக் கழகத்தினரும் வற்புறுத்தி, 1979-ம் வருஷம் ஏப்ரலில் ஒருவாறு சம்மதம் பெற்றனர். காலம் கடந்துவிட்டது. அவ்வருஷம் அக்டோபரில் பார்க் சுட்டுக் கொல்லப்பட்டார். 1980-ல் தேச உற்பத்தி சுருங்கிற்று. விலைகள் நூற்றுக்கு 28-க்கு மேல் ஏறின. நல்ல யோசனை கூறுவோரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது வேறு. யோசனையைத் தக்க காலத்திற் கேட்பது வேறு. இடித்துரைக்கும் துணையின் அருமையை வள்ளுவர் அரசர்க்கு எடுத்துரைத்தது இதற்காகவேயன்றோ!

1987-ம் வருஷம் ஜூன் மாதம் பொது ஜனங்கள் வீதிகளில் திரண்டு, ஜனாதிபதியைத் தாங்களே நேரில் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றனர். பழைய திட்ட முறையும் மெல்ல மறைந்தது. 1994-ம் வருஷ இறுதியில் பொருளாதாரத் திட்ட சபை நிதி இலாகாவோடு இணைக்கப்பட்டது. ஐந்தாண்டுத் திட்டங்களின் காலம் அத்தோடு முடிவை நெருங்கிற்று. 1997-ம் வருஷ இறுதியில் தேசத்தின் அந்நியச் செலாவணி வற்றி, சர்வதேச நாணய நிதியிடம் கையேந்தும் நிலை வந்தது. அந்த அவமானத்திலிருந்து பிறந்த இரண்டு சீர்திருத்தங்களே இன்றைய புது வழிக்கு அஸ்திவாரமாயின.

முதலாவது, 1999-ம் வருஷத்துச் சட்டம். அதுவரை ஒவ்வோர் ஆராய்ச்சி நிலையமும் ஒவ்வோர் இலாகாவின் வாசற்படியில் நின்றது. எஜமானனுக்கு ஏற்ற முடிவையே ஏவலாள் எழுதிக்கொடுப்பான் என்பதை உணர்ந்து, அந்நிலையங்களை இலாகாக்களின் பிடியினின்று எடுத்து, பிரதம மந்திரியின் கீழுள்ள பொது ஆராய்ச்சிச் சபைகளின் பொறுப்பில் வைத்தனர்.

இரண்டாவது, அவ்வருஷத்திலேயே ஏற்பட்ட பூர்வாங்கத் தகுதிப் பரிசோதனை. 1994 முதல் 1998 வரை பெரிய வேலைகளைப் பற்றி இலாகாக்கள் தாமே நடத்திய ஆராய்ச்சிகள் 33. அவற்றுள் 32 வேலைகள் 'தகுதியுடையவை' என்ற தீர்ப்பைப் பெற்றன. தள்ளப்பட்டது ஒன்றே ஒன்று! பரீக்ஷை எழுதும் மாணவனே தன் விடைத்தாளைத் திருத்தினால் வேறென்ன நடக்கும்? புது விதிப்படி, மொத்தச் செலவு 5,000 கோடி வோனும், அதில் மத்திய சர்க்காரின் பங்கு 3,000 கோடி வோனும் எட்டும் வேலைகளை, அபிவிருத்தி ஆராய்ச்சிக் கழகத்தின் தனிப் பகுதியொன்று பரிசோதிக்கத் தொடங்கிற்று. முதல் இருபது வருஷங்களில், பரிசோதனைக்கு வந்தவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தேறவில்லை. 'ஆகாது' என்ற ஒரு சொல் பொது ஜனங்களின் வரிப் பணத்துக்கு எத்தகைய காவல் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் கணக்கு வேண்டுவதில்லை.

காவலன் கண்டிப்புள்ளவனாயிருந்தால், கொல்லைப்புறக் கதவைத் தேடுவோரும் இருப்பார்கள். 2009-ம் வருஷம் நான்கு நதிகளைச் செப்பனிடும் வேலைக்கென 22 லட்சம் கோடி வோன் ஒதுக்கப்பட்டது. அதற்குச் சற்று முன் விதிகள் திருத்தப்பட்டு, அவ்வேலையின் பெரும் பகுதி பரிசோதனைக்கு வெளியே நிறுத்தப்பட்டது. பிற்பாடு தணிக்கை சபையே அவ்வேலையிற் குறைகளைக் கண்டு கூறிற்று. இது வலதுசாரிக் கட்சியின் செய்கை. எதிர்க்கட்சியார் வந்து என்ன செய்தனர்? 2019-ம் வருஷம் ஜனவரியில் ஏறத்தாழ 24 லட்சம் கோடி வோன் பெறுமான 23 வேலைகளுக்கு ஒரே நாளில் விலக்களித்தனர். பூசான் நகருக்கருகே கடோக் தீவில் விமான நிலையம் கட்டும் யோசனை, 2016-ல் அயல்நாட்டு நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்த்த மூன்று யோசனைகளுள் கடைசி இடம் பெற்றது. ஆயினும் 2021-ம் வருஷம் பிப்ரவரியில் அதற்கென்றே தனிச் சட்டம் நிறைவேறிற்று. பரிசோதனையைத் தவிர்க்கவும் அச்சட்டம் வழி செய்தது. ஏப்ரலில் பூசான் மேயர் தேர்தல்! கட்சி மாறினாலும் கொல்லைப்புறக் கதவு மாறவில்லை.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். அது அலட்சியம் செய்யத்தக்கதன்று. சியோலும் அதைச் சூழ்ந்த பிரதேசமும் தேசப் பரப்பில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கேயாயினும், ஜனத்தொகையிற் பாதிக்கு மேற்பட்டோர் அங்கேயே குடியிருக்கின்றனர். வரவையும் செலவையும் மட்டும் தராசில் வைத்தால், ஜனங்கள் நிறைந்த இடத்து ரயில்பாதைதான் எப்போதும் வெல்லும். ஜனங்கள் குறைந்துவரும் மாகாணம் என்றும் தோற்கும். தோற்பதால் மேலும் ஜனங்களை இழக்கும். 'நிபுணர்களின் கணக்கு எங்களைக் கொல்கிறது' என்று மாகாணத்தார் முறையிடுவதில் நியாயமிருக்கிறது.

நியாயமிருப்பதால் தராசை உடைத்துவிடலாமா? எடைக்கற்களைத் திருத்துவதே முறை. 2019-ம் வருஷம் ஏப்ரலில் அதுவும் நடந்தது. தலைநகர்ப் பிரதேசத்துக்கு வெளியேயுள்ள வேலைகளுக்கு, பிரதேச சமநிலை என்னும் அம்சத்துக்கு நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை மதிப்பளிக்கலாமென விதி செய்தனர். இதனை நாம் மனமார ஆதரிக்கிறோம். எந்த நீதிக்காக எவ்வளவு சலுகை என்பதை முன்கூட்டியே பகிரங்கமாய்ச் சொல்லி, எல்லா மாகாணங்களுக்கும் ஒன்றுபோல் நடத்துவது தர்மம். தேர்தலுக்குத் தேர்தல், ஊருக்கு ஊர், விலக்குச் சட்டம் செய்வது தர்மத்தின் வேஷம்.

கதவைப் போலவே காவலனையும் கவனிக்க வேண்டும். 2021-ல் அபிவிருத்தி ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவராக வந்தவர், அப்போதைய ஜனாதிபதியின் பொருளாதாரக் காரியதரிசியாயிருந்தவர். அந்நியமனத்தையே பலர் கண்டித்தனர். 2022-ல் ஆட்சி மாறியதும், புதிய பிரதம மந்திரி அவர் பதவியில் நீடிப்பது பொருந்தாதென்று பகிரங்கமாகக் கூற, சில நாட்களில் அவர் ராஜிநாமாச் செய்தார். இருதரத்தார் செய்ததும் பிசகென்பதே நமது அபிப்பிராயம். தம்மவரை அங்கு அமர்த்துவோர், நாளை மாற்றார் அவரை எழுப்பும்போது குற்றங்கூற இயலாது. தலைவரின் கதி கட்சியின் கதியோடு பிணைக்கப்பட்டால், கீழேயுள்ள ஆராய்ச்சியாளர்களின் பேனா தானே தயங்கும்.

தயக்கத்தின் விலை என்ன? ஜனத்தொகை விஷயத்தைப் பாருங்கள். 1962 முதல் குடும்பக் கட்டுப்பாடு தேசத் திட்டத்தின் ஓர் அங்கமாயிற்று. 1983-ல் ஒரு ஸ்திரீக்குச் சராசரி 2.06 குழந்தைகள் என்ற அளவுக்குப் பிறப்பு இறங்கிற்று. ஜனத்தொகை குன்றாதிருக்க வேண்டிய அளவு அத்துடன் கடந்துவிட்டது. ஆயினும் பிறப்பைக் குறைக்கும் கொள்கையைக் கைவிட்டது 1996-ம் வருஷத்திற்றான்! குழந்தை பெறுமாறு வேண்டும் சட்டம் வந்தது 2005-ல். 2023-ல் அவ்விகிதம் 0.72, 2024-ல் 0.75. இலக்கை அடைந்த பின்னும் பதின்மூன்று வருஷம் பழைய கட்டளையே ஓடிற்று. பிள்ளைப் பேற்றை ஏற்றுமதி போல் எண்ணி நிர்ணயிக்கலாமென்று கருதிய திட்டக்காரர், வீட்டு வாடகையும், நீண்ட வேலை நேரமும், படிப்புச் செலவும், தாய்மார் மேல் விழும் பாரமும் இளைஞர் மனத்தில் என்ன செய்யும் என்பதை எண்ணவில்லை. அதை அவர்களையே கேட்டிருக்க வேண்டும்.

'அவர்களையே கேட்பது' என்னும் வழியிலும் கொரியா அடியெடுத்து வைத்திருக்கிறது. 2017-ம் வருஷம் சின்-கோரி என்னுமிடத்தில் ஓரளவு கட்டிய நிலையிலிருந்த இரண்டு அணுசக்தி நிலையங்களை நிறுத்துவதா, முடிப்பதா என்ற தகராறு எழுந்தது. சர்க்கார் கட்டுமானத்தை மூன்று மாதம் நிறுத்தி வைத்து, சாதாரணப் பிரஜைகள் 471 பேரைக் கொண்டு விசாரிக்கச் செய்தது. அவர்கள் இருதரப்பு நிபுணர்களின் வாதங்களையும் படித்தனர், கேட்டனர், தம்முள் விவாதித்தனர். நூற்றுக்கு 59.5 பேர் கட்டி முடிக்கலாமென்றனர். அதே சபையிற் பாதிக்கு மேற்பட்டோர் இனி அணுசக்தியைக் குறைத்து வருவதே நல்லதென்றும் கூறினர். நிறுத்துவதாகத் தேர்தலில் வாக்களித்திருந்த ஜனாதிபதி, ஜனங்களின் தீர்ப்பை ஏற்றுக் கட்டுமானத்தைத் தொடர்ந்தார். 'சாமானியருக்குச் சிக்கலான விஷயம் விளங்காது' என்று எங்கும் கூறப்படும் வாதத்துக்கு அந்த 471 பேரே விடை.

2025-ம் வருஷம் செப்டம்பரில், நிதி இலாகாவினின்று வரவுசெலவுத் திட்ட வேலையைப் பிரித்துத் தனிக் காரியாலயத்திடம் ஒப்படைக்கும் சட்டத்தைக் கொரியாவின் தேசீய சபை நிறைவேற்றிற்று. 1994-ல் கலைந்த திட்ட சபையின் நிழல் மீண்டும் எழுவதாகச் சிலர் மகிழ்வர். காரியாலயங்களைப் பிரிப்பதும் சேர்ப்பதும் கொரியாவுக்குப் புதிதன்று. பெயர்ப்பலகை மாறுவதால் மட்டும் புத்தி மாறிவிடாது. பணத்தைப் பங்கிடுவோர் ஆராய்ச்சியாளரின் மறுப்பைக் கேட்பார்களா, கேளாமல் மீறினால் காரணத்தைப் பிரஜைகள் முன் எழுத்தில் வைப்பார்களா என்பதே கேள்வி.

திட்டத்துக்குச் சர்வாதிகாரி வேண்டும், ஜனநாயகம் அதற்கு இடையூறு என்று பேசுவோர் கொரியாவையே சாட்சிக்கு அழைப்பது வழக்கம். சாட்சியை முழுவதும் விசாரித்துப் பார்த்தோம். ஏற்றுமதியைப் பெருக்கியது சர்வாதிகாரியின் காலம். தன் தவற்றைத் தானே கண்டுபிடிக்கும் கருவியைப் பூரணமாக்கியது ஜனங்களின் காலம். அக்கருவியை மழுங்கச் செய்பவர்களும் இன்று ஜனங்களின் பிரதிநிதிகளே என்பது வருந்தத்தக்கது. விலக்குச் சட்டங்களுக்கு எல்லை கட்டுக. ஆராய்ச்சித் தலைவர்களின் பதவிக் காலத்தை ஆட்சி மாற்றத்தினின்று காப்பாற்றுக. பரிசோதனையின் முடிவுகளைத் தேர்தலுக்கு முன் ஜனங்கள் படிக்கச் செய்க. இம்மூன்றையும் கொரியர் செய்வாராயின், அவர்கள் உலகுக்கு அனுப்பிய கப்பல்களையும் யந்திரங்களையும் விடச் சிறந்த சரக்கொன்றை அளித்தவராவர். 'ஆகாது' என்று சொல்லும் அறிஞனைத் தன் செலவில் காப்பாற்றும் தேசமே நிமிர்ந்து நிற்கும்.