பெற்றோர் அறியாத மொழியைப் பிள்ளை கற்கும்போது

மலேசியாவிலே, கிள்ளான் நகரில் வாழும் எமது தமக்கையாரின் மகளிடமிருந்து சென்ற ஆண்டு ஒரு கடிதம் வந்தது. நலம் விசாரித்தல் இரண்டே வரி. எஞ்சியவை யாவும் முறைப்பாடு.

"மாமா, மகனைச் சீனப் பாடசாலையில் முதலாம் வகுப்பிற் சேர்த்துவிட்டோம். வியாழக்கிழமை இரவு வந்தால் வீட்டில் அழுகைதான். மறுநாள் சொல்வதெழுதல் சோதனை. எங்கள் இருவருக்கும் ஒரு சீன எழுத்தேனும் தெரியாது. அதட்டியும் பார்த்தோம், அடித்தும் பார்த்தோம். வீட்டில் தமிழ் பேசுவதைக் குறைத்தாற் பிள்ளைக்குச் சுமை குறையும் என்று இவர் சொல்லுகிறார். நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?"

வாசகர் சிலருக்கு இது வியப்பாக இருக்கலாம். மலேசியாவில் அரசாங்க ஆரம்பப் பாடசாலைகள் மூவகைப்படும். மலாய் மொழியிற் கற்பிக்கும் தேசியப் பாடசாலைகள், சீனப் பாடசாலைகள், தமிழ்ப் பாடசாலைகள் என்பன அவை. ஆரம்பக் கல்வி ஆறு ஆண்டுகள். சீனரல்லாத பெற்றோர் பலரும் தம் பிள்ளைகளைச் சீனப் பாடசாலைக்கு அனுப்புகின்றனர். கணிதம் நன்கு கற்பிக்கப்படும், ஒழுங்கு இருக்கும், நாளைக்கு உத்தியோகத்துக்கும் உதவும் என்பது அவர்கள் எண்ணம். அங்கே சேரும் தமிழ்ப் பிள்ளை சீனத்தோடு மலாயும் ஆங்கிலமும் கற்க வேண்டும். ஏழு வயதுப் பாலகனுக்கு அது இலேசான காரியமன்று.

கடிதத்தில் இரண்டு வினாக்கள் இருந்தன. தாம் அறியாத மொழியைக் கற்கும் பிள்ளைக்குப் பெற்றோர் எவ்வாறு உதவலாம் என்பது ஒன்று. அதற்காக வீட்டு மொழியைக் கைவிடலாமா என்பது மற்றொன்று. நாமும் சீனம் அறியோம். ஆயினும் அம்மொழி பயின்ற நண்பரொருவரிடம் கேட்டறிந்து, அவர் கூறியவற்றையும் எமது அனுபவத்தையும் சேர்த்து மருமகளுக்கு எழுதினோம். பிற வீடுகளுக்கும் பயன்படக்கூடுமாதலால் அதன் சாரத்தை இங்கே தருகின்றோம்.

முதலிற் செவி, பின்னரே பேனா. சீன மொழியில் ஓர் ஒலியை எந்தத் தொனியிற் சொல்லுகின்றோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். 'மா' என்பதை உயர்ந்த குரலிற் சமமாக நீட்டினால் அம்மா. கீழிருந்து மேலே எழுப்பினாற் சணல். தாழ்த்திப் பின் உயர்த்தினாற் குதிரை. மேலிருந்து வெட்டென இறக்கினால் ஏசுதல். இது விந்தை போலத் தோன்றும். ஆனால் 'பல்' வேறு, 'பால்' வேறு என்று குறில் நெடிலால் நாம் பொருளைப் பிரிக்கவில்லையா? அவர்கள் குரலின் ஏற்ற இறக்கத்தாற் பிரிக்கின்றனர், அவ்வளவே. பிள்ளை சொல்லும்போது கையையும் அசைக்கச் செய்யுங்கள். சமமாக நீட்டல், மேலே ஏற்றல், பள்ளத்தில் இறங்கி ஏறல், கீழே வெட்டல் என நான்கு கையசைவுகள் நான்கு தொனிகளையும் நினைவில் நிறுத்தும்.

இரண்டாவது, தமிழ்ப் பிள்ளைக்குரிய ஓர் அனுகூலத்தை அறிந்துகொள்ளுங்கள். சீன ஒலிகளை உரோம எழுத்தில் எழுதும் 'பின்யின்' என்னும் முறையைச் சீனா 1958ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. பாடசாலையில் ஒலியை அம்முறையாலேயே கற்பிக்கின்றனர். அதிலே 'பி' என்னும் ஆங்கில எழுத்துக்கள் இரண்டும் உண்டு. 'பந்து' என்ற ஆங்கிலச் சொல்லான 'போல்' என்பதன் முதலெழுத்து, எமது 'பல்' என்ற சொல்லின் பகரத்தைப் போலவே ஒலிக்கும். 'பேனா'வைக் குறிக்கும் 'பென்' என்பதன் முதலெழுத்தோ, அதே பகரத்தை மூச்சுக் காற்றுடன் ஊதிச் சொல்வதாகும். வாயின் முன்னே மெல்லிய கடதாசித் துண்டொன்றைப் பிடித்துச் சொல்லச் செய்யுங்கள். முதலாவது ஒலிக்குக் கடதாசி அசையாது, இரண்டாவதற்கு அசையும். சீனம் அறியாத தாயும் இதைக் கண்ணாற் கண்டு திருத்தலாம். சீனத்திலே நாவை வளைத்துச் சொல்லும் ஓர் ஒலி ஏறத்தாழ எமது ழகரத்தைப் போன்றது. 'வாழைப்பழம்' என்று திருத்தமாகச் சொல்லும் பிள்ளைக்கு அது எளிதில் வரும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பின்யினில் ஆங்கில எழுத்துக்கள் சில ஆங்கில ஒலியைத் தருவதில்லை. 'கியூ' என்னும் எழுத்து 'ச்சி' என்பதை ஒத்து ஒலிக்கும். 'சி' என்னும் எழுத்து 'த்ஸ்' என ஒலிக்கும். ஆங்கில வாசிப்பையும் பின்யினையும் ஒரே வேளையில் வைத்தாற் பிள்ளை தடுமாறும். ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை மாலையிலும் வைத்துக்கொள்க.

மூன்றாவது, எழுத்து. எமது நெடுங்கணக்கில் 247 எழுத்துக்கள். அவற்றை அறிந்தால் எந்தச் சொல்லையும் வாசிக்கலாம். சீனத்தில் அப்படியன்று. சீன அரசாங்கம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலில், மிகுதியாக வழங்கும் எழுத்துக்கள் என முதல் வகுப்பில் வைக்கப்பட்டவை மாத்திரம் 3,500. இத்தொகையைக் கேட்டு மலைக்க வேண்டா. எழுத்துக்கள் பல, முன்னரே அறிந்த சிறு உறுப்புக்கள் சேர்ந்து அமைந்தவை. மரத்தைக் குறிக்கும் எழுத்தை இருமுறை எழுதினாற் சோலை. மும்முறை எழுதினாற் காடு. மரத்தின் அருகே மனிதனை நிறுத்தினால் இளைப்பாறுதல். அம்மாவைக் குறிக்கும் எழுத்திலே இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. பெண் பொருளைக் காட்டுகின்றாள். குதிரை 'மா' என்ற ஒலியைக் காட்டுகின்றது. இவற்றைக் கதையாகச் சொன்னாற் பிள்ளை மறக்குமா?

கோடிடும் ஒழுங்கும் முக்கியம். மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, கிடைக்கோடு முன்னும் நெடுங்கோடு பின்னுமாக எழுத வேண்டும். கட்டத்தினுள்ளே உறுப்புக்கள் இருந்தால், அவற்றை எழுதியபின்னரே கட்டத்தின் அடிக்கோட்டை இட்டு மூடவேண்டும். நாம் ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியிலே 'அ' எழுதுவிக்கின்றோமல்லவா? அவ்வாறே தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, புதிய எழுத்தை முதலில் விரலால் எழுதவிடுங்கள். கை பழகியபின் கொப்பிக்குச் செல்லலாம்.

நான்காவது, வியாழக்கிழமை அழுகைக்கு மருந்து. பதினைந்து சொற்களை ஓரிரவில் திணிப்பதே அழுகைக்குக் காரணம். சோதனை முடிந்த மறுநாளே அடுத்த பட்டியலைத் தொடங்கி, நாளுக்கு மூன்று சொற்களாகப் பிரித்துவிட்டால் ஐந்து நாளில் முடியும். ஆறாம் நாள் மீட்டலுக்கு எஞ்சும். சொல்லைப் பார்த்தல், மூடுதல், பாராமல் எழுதுதல், திறந்து ஒப்பிடுதல் என்பதே முறை. இரண்டு படங்களை ஒப்பிடுவதுபோல் இரண்டு எழுத்துக்களை ஒப்பிட எவராலும் இயலும். உச்சரிப்பைக் கேட்கவும் கோடிடும் ஒழுங்கைப் பார்க்கவும் கைத்தொலைபேசியிலுள்ள அகராதிகள் உதவும். நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும். பிரம்பு வேண்டா.

இனி இரண்டாவது வினா. தமிழைக் குறைக்கலாமா? கூடாது என்றே எழுதினோம். பெற்றோர் தமக்கே வராத மொழியிற் பிள்ளையோடு பேச முயன்றால், பேச்சு "சாப்பிடு, படி, படு" என்ற மூன்று சொற்களிற் சுருங்கிவிடும். கதை, நகைச்சுவை, கேள்வி, காரணம் இவையெல்லாம் வீட்டு மொழியிலேதான் பிள்ளைக்குக் கிடைக்கின்றன. காரணம் கேட்கப் பழகிய பிள்ளை அப்பழக்கத்தை எந்தப் பாடசாலைக்கும் கொண்டுசெல்லும். எண்களையே பாருங்கள். நாம் 'இருபது' என்பதை இரண்டு பத்து என்று அமைத்தோம். சீனரும் 'அர் ஷி', அதாவது 'இரண்டு பத்து' என்றே சொல்லுகின்றனர். தமிழில் இதை உணர்ந்த பிள்ளைக்குச் சீனத்தில் இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. சீனப் பாடசாலையிற் பொதுவாகத் தமிழ் கற்பிக்கப்படாதாகையால், தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் கடமையும் வீட்டையே சாரும்.

கொழும்பு நூதனசாலையிலே ஒரு கல் இருக்கின்றது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ காலத்தது. 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. 1911இற் காலியிற் கண்டெடுக்கப்பட்டது. அதிலே சீனமும் தமிழும் பாரசீகமும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு கல் மூன்று மொழிகளைத் தாங்குமாயின், பிள்ளையின் உள்ளம் தாங்காதா என்று கேட்டு எமது கடிதத்தை முடித்தோம்.

மூன்று மாதங்களின் பின் பதில் வந்தது. எமது தமக்கையார் அங்கே மகளோடு இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டிய அவர் பேரனுக்கு மாணாக்கியாகிவிட்டாராம். பாடசாலையால் வந்ததும் பையன் அன்றைய மூன்று சொற்களை அவருக்குக் கற்பிக்கின்றான். தொனி பிசகினால், "அம்மம்மா, நீங்கள் அம்மாவைக் கூப்பிடவில்லை, குதிரையைக் கூப்பிடுகிறீர்கள்" என்று திருத்துகின்றான். கற்பிக்க வேண்டுமென்ற ஆசையால் வகுப்பிலே கவனமாகக் கேட்கின்றான். கடைசிச் சோதனையிற் பதினைந்தில் ஒன்பது சரி. முதலிடம் அன்று; ஆனால் வியாழக்கிழமை அழுகை நின்றுவிட்டது.

அந்த ஒன்பதே எமக்குப் போதுமான மகிழ்ச்சி. வெளிநாடுகளில் எமது பிள்ளைகள் பிற மொழிகளிற் கற்கும் வீடுகள் இன்று பல. மொழி எதுவாயினும் பெற்றோருக்கு நாம் கூறுவது ஒன்றே: கற்பிக்க இயலாதவிடத்துப் பிள்ளையிடம் கற்றுக்கொள்ளுங்கள், கேட்பதைத் தமிழிலே கேளுங்கள்.