எண்ணுவதும் அளப்பதும்

இளம்பிள்ளைத் தறிக்கூடத்தில் எழுத்தறியா மூதாட்டியும் “எத்தனை புடவை?” என்பார், “எவ்வளவு நூல்?” என்பார். ஒருநாளும் மாற்றிக் கேளார். அவர்தம் பெயரனோ ஆங்கில வகுப்பில் ‘மெனி’, ‘மச்’ என்னும் இரண்டின் வேறுபாடறியாது விழிக்கின்றான். ஏன்? எண்ணத்தகு பொருள், அளக்கத்தகு பொருள் என்னும் பிரிவு ஆங்கிலேயன் தந்த புதுமை என்று அவனை நம்பவைத்து, உருப்போடச் செய்துவிட்டோம்.

அன்பர்களே! ‘எவ்வளவு’ என்னும் சொல்லுள்ளேயே ‘அளவு’ நிற்கின்றது. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவையாகுபெயரை நால்வகைப்படுத்திய மொழி நம்முடையது. அளக்கும் நூலைக் கழியாக்கிவிட்டால் “எத்தனை கழி?” என எண்ணுகின்றோம், ஆங்கிலமும் நீரைக் குவளையில் அடக்கியே எண்ணுகின்றது. அந்நூலே சுவடியைக் குறிப்பின் “எத்தனை நூல்?” என்பதே முறை. பொருளே வினாச்சொல்லைத் தெரிந்துகொள்கின்றது.

இன்றோ கற்றவரே “அதிகம் பேர் வந்தனர்”, “கொஞ்சம் பேர் வந்தனர்” என எழுதுகின்றனர். மாந்தர் என்ன, படியில் முகக்கும் நெல்லா? பலர் வந்தனர், சிலர் வந்தனர் எனின் நாச் சுளுக்கிக் கொள்ளுமோ?

ஆங்கிலம் கற்பிப்போர் இனியேனும் ‘எத்தனை’, ‘எவ்வளவு’ என்னும் நம் சொற்களிலிருந்தே தொடங்குக! தாய்மொழியில் தெளிந்தவன் பிறமொழியில் தடுமாறான்.