உரிமம் யார் கையில்?

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கும் இருப்பும் கணினியில் ஏறிவரும் இந்நாளில், மென்பொருளின் விலையை விசாரிக்கும் நாம் அதன் உரிம நிபந்தனைகளைப் படிப்பதில்லை. கடன் பத்திரத்தை நான்கு பேரிடம் காட்டிவிட்டுக் கையொப்பமிடும் நெசவாள அன்பர்கூட, இங்கே கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்திச் சம்மதம் தந்துவிடுகிறார்!

ரெடிஸ் என்னும் மென்பொருளின் கதை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அடிக்கடி வேண்டப்படும் தகவல்களை நினைவகத்தில் வைத்திருந்து நொடியில் எடுத்துத் தருவது அது. 2009-ல் இத்தாலியரான சால்வத்தோரே சான்ஃபிலிப்போ தொடங்கிய அதனை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், விற்கலாம் என்றிருந்தது. பல நாட்டு நிரலாளர்கள் தம் உழைப்பை அதற்கு நல்கினர். 2024 மார்ச்சில், அதனை நிர்வகிக்கும் நிறுவனம் இனி வரும் பதிப்புகளுக்குக் கட்டுப்பாடு மிகுந்த உரிமத்தை விதித்தது. பெருநிறுவனங்கள் அதனைத் தம் சேவையாக விற்றுப் பொருளீட்டுகின்றன, ஆக்கியவர்க்குப் பங்கு வருவதில்லை என்பது அதன் முறையீடு. இதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் பலர் கூடி வளர்த்த ஒன்றின் விதியை ஒரு நிறுவனம் தனித்து மாற்ற முடிந்தது என்பதே நம் கவலை.

எனினும், முன்னரே வெளியான பதிப்பின் உரிமத்தைத் திரும்பப் பெற இயலாதன்றோ? அம்மாத முடிவுக்குள் பழைய 7.2.4 பதிப்பிலிருந்து வால்கீ என்னும் கிளை லினக்ஸ் அறக்கட்டளையின் பொறுப்பில் தோன்றிவிட்டது. (அதனைத் தாங்கியவற்றுள் அமேசானும் கூகிளும் இருந்தன, எளியோரின் கிளர்ச்சி என்று எவரும் மயங்க வேண்டா.) 2025 மே மாதத்தில் ரெடிஸும் திறந்த மூல உரிமம் ஒன்றை மீண்டும் சேர்த்துக்கொண்டது.

நம் அலுவலகங்களுக்கு இன்னும் அணுக்கமானது லிபர் ஆபீஸ். ஓப்பன் ஆபீஸை வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் 2010-ல் வாங்கியபின், அவ்வாண்டே பிரிந்து வந்த கிளை அது. கடிதத்துக்கும் பேரேட்டுக்கும் அது தாராளமாகப் போதும்.

விலையில்லை என்ற ஒன்றையே நம்பி எதனையும் ஏற்பது நமக்கு உடன்பாடன்று. இலவசமாய்த் தந்தவர் நாளையே கட்டணம் கேட்கலாம். எழுத்தருக்குப் பயிற்சி தரவும், பழுது பார்க்கவும் செலவு உண்டு. அதற்கு வரவு செலவுத் திட்டத்தில் இடம் ஒதுக்குவதே முறை. மென்பொருள் வாங்கும் தீர்மானம் நிர்வாகக் குழுவின் முன் வரும்போது, மூல நிரல் நமக்குக் கிடைக்குமா, உரிமத்தை மாற்றும் அதிகாரம் எவரிடம் உள்ளது, நம் கணக்குகளை முழுமையாக வேறொன்றுக்கு எடுத்துச் செல்ல இயலுமா என்று அங்கத்தினர்கள் கேட்டு, விடையை நடவடிக்கைக் குறிப்பில் பதியச் செய்வார்களாக.