ரெடிமேடு பெட்டியும் என் வீட்டுத் தரையும்



பதிவு கொஞ்சம் நீளம். முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்றவனுக்குச் சுருக்கமாகப் பேச வராது என்பது உங்களுக்கே தெரியும்.

போன வாரம் என் உப்புநீர் மீன் தொட்டிக்கு நானே செய்த ஓவர்ஃப்ளோ பெட்டியின் படத்தைப் போட்டேன். சென்னையில் இன்ஜினியராக இருக்கும் தங்கை மகன், "மாமா, இதெல்லாம் ரிஸ்க். பேசாம ரெடிமேடா ஒண்ணு வாங்கிடுங்க" என்று எழுதினான். அதற்கு முப்பது பேர் லைக் போட்டிருக்கிறீர்கள். அதில் பாதிப் பேர் என்னிடம் எட்டாம் வகுப்பு அறிவியல் படித்தவர்கள். அந்தப் பாதிப் பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரெடிமேடு பெட்டி வாங்கி வைத்திருந்தேன் ஐயா. என் வீட்டுத் தரையை நனைத்ததே அந்த ரெடிமேடு பெட்டிதான்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு. பேத்தி 'நீமோ' படம் பார்த்துவிட்டுக் கேட்டாள் என்று ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்கினேன். கடலில் பிடித்தது அல்ல, பண்ணையில் பொரித்தது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை எப்போதோ உருவாக்கிவிட்டது. அப்படியிருக்கக் கடலில் பிடித்ததை வாங்குவானேன்? (உயிருள்ள பவளம் வேண்டும் என்று யாரும் ஆசைப்படாதீர்கள். அது புலிக்குப் போட்ட அதே சட்டத்தில் வருகிறது.)

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. ஸ்டாண்டுக்குக் கீழே இன்னொரு தொட்டி, அதற்குப் பெயர் சம்ப். மேலே இருந்து தண்ணீர் சம்புக்கு இறங்கி, வடிகட்டி, மோட்டார் வழியாகத் திரும்ப மேலே ஏற வேண்டும். மேல்பரப்பில் எண்ணெய்ப் படலம் மாதிரி ஒன்று சேரும். அது நின்றால் காற்று தண்ணீரில் கலப்பது குறையும். அந்தப் படலத்தோடு மேல்மட்டத் தண்ணீரை மட்டும் வழித்து எடுப்பதுதான் ஓவர்ஃப்ளோ பெட்டியின் வேலை.

இதைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் வீடியோ வேண்டியதில்லை. உளுந்தூர்பேட்டையில் பிறந்தவன் ஏரிக் கலிங்கலைப் பார்த்தாலே போதும். ஏரி நிரம்பினால் "ஏரி கோடி போகுது" என்று ஓடிப் போய் வேடிக்கை பார்த்தோமே, அந்தக் கல் கட்டு. எவ்வளவு மழை பெய்தாலும் கலிங்கல் உயரத்துக்கு மேல் வந்த தண்ணீர் வழிந்து போய்விடும். மழை நின்றால் கலிங்கல் மட்டத்தோடு நின்றுவிடும், ஏரி காலியாகாது. தொட்டிக்கு உள்ளே தொங்கும் சின்னப் பெட்டியின் விளிம்பு அந்தக் கலிங்கல். அதில் சீப்பு மாதிரிப் பல் வெட்டுவது மீன் உள்ளே போகாமல் இருக்க.

கரண்ட் போனால் என்ன ஆகும்? மோட்டார் நிற்கும். தண்ணீர் விளிம்பு வரை இறங்கி நிற்கும். உள்பெட்டி நிறைந்தபடியே இருக்கும். வெளியே தொங்கும் பெட்டியிலும் ஒரு தடுப்பு வைத்துத் தண்ணீரைத் தேக்கி வைத்திருப்போம். இரண்டையும் இணைக்கும் கவிழ்த்த 'யு' குழாயின் இரண்டு வாயும் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும். காற்று நுழைய வழியில்லை. கரண்ட் வந்ததும் தானாக ஓட ஆரம்பிக்கும்.

அந்தக் கவிழ்த்த குழாய்தான் நம் பாடப் புத்தகத்து வடிகுழாய், சைபன். ஞாபகம் இருக்கிறதா? படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்வேன். "வளிமண்டல அழுத்தத்தால் இயங்குகிறது" என்று எழுதினால் முழு மார்க் போடுவேன். ஒரு நாளாவது ஒரு வாளியும் ஒரு முழம் டியூபும் கொண்டுவந்து வகுப்பில் செய்து காட்டினேனா? இல்லை. டிராக்டரிலிருந்து வாயால் உறிஞ்சி டீசல் எடுக்கும் பையன் என் வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனை எழுப்பிப் பாடம் நடத்தச் சொல்லியிருக்க வேண்டும். நான் அவனை முட்டி போட வைத்தேன்.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். கரண்ட் போகவே இல்லை. கடைப் பெட்டியின் 'யு' குழாய் ஒன்றரை அங்குல பிவிசி. வெளியிலிருந்து உள்ளே ஒன்றும் தெரியாது. தண்ணீரோடு பொடிப் பொடிக் காற்றுக் குமிழி வந்துகொண்டே இருக்கும். ஓட்டம் வேகமாக இருந்தால் குமிழியை மறுபக்கம் அடித்துக்கொண்டு போய்விடும். மெதுவாக இருந்தால் குமிழி மேல் வளைவிலேயே தங்கிச் சேரும். மூன்றாவது வாரம் வளைவு முழுக்கக் காற்று. சைபன் அறுந்துவிட்டது. ஆனால் மோட்டாருக்கு அது தெரியுமா? சம்பில் இருந்த நாற்பது லிட்டரையும் மேலே தள்ளியது. தொட்டியில் மிச்சம் இருந்த இடம் இருபத்தொரு லிட்டருக்குத்தான். மீதி ஹாலுக்கு.

விடிகாலை மூன்று மணிக்கு வீட்டம்மா காலை வைத்து "என்னங்க, தரை உப்புக் கரிக்குது" என்றாள். எப்படி ருசி பார்த்தாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. மோட்டார் வறண்டு ஓடிக் கருகிப் போயிருந்தது. மீன் இரண்டும் சுகம்.

கடையில் கேட்டதற்கு, "தினமும் டியூப்பில் காத்து இருக்கான்னு பாத்து எடுக்கணும் சார்" என்றார்கள். விற்கும்போது சொல்லவில்லை. பார்க்க முடியாத குழாயில் எப்படிப் பார்ப்பது என்று இப்போதும் சொல்லவில்லை.

மருமகனே, நீ சொல்லும் ரிஸ்க் எதில் இருக்கிறது? பெட்டி கடையில் செய்ததா வீட்டில் செய்ததா என்பதிலா, இல்லை கணக்குப் போடாமல் வைத்ததிலா? வா, கணக்குப் போடுவோம்.

மோட்டார் தண்ணீரை பத்து லிட்டர் வாளியில் பிடித்தேன். சரியாக ஒரு நிமிஷம். அதாவது மணிக்கு 600 லிட்டர். அது ஒன்றரை அங்குலக் குழாயில் போனால் விநாடிக்கு சுமார் 15 சென்டிமீட்டர் வேகம். ஒரு குமிழி தண்ணீரில் மேலே ஏறும் வேகமே அதைவிட அதிகம். பிறகு எப்படி அது மறுபக்கம் கீழே இறங்கும்? முக்கால் அங்குலக் குழாயில் அதே தண்ணீர் 60 சென்டிமீட்டர் வேகத்தில் போகும். "பெரிய குழாய்னா நல்லது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்த இடத்தில் சிறிய குழாய்தான் நல்லது. பாதுகாப்புக்கு இரண்டு குழாய் போடு என்பார்கள். போட்டால் வேகம் பாதியாகும். நான் ஒன்றுதான் போட்டேன், உள்ளே தெரிகிற அக்ரிலிக் குழாய்.

அந்த ஒன்றும் அறுந்தால்? அடுத்த கணக்கு. தொட்டி 120 சென்டிமீட்டர், 45 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 5.4 லிட்டர். தண்ணீர் மட்டத்திலிருந்து மேல் விளிம்பு வரை நாலு சென்டிமீட்டர், ஆக 21.6 லிட்டர். சம்பில் மோட்டார் நிற்கும் அறையைத் தடுப்பு வைத்துச் சுருக்கினேன். 30க்கு 30, உயரம் 20, மொத்தம் 18 லிட்டர். இனி சைபன் அறுந்தால் மோட்டார் பதினெட்டையும் மேலே ஏற்றிவிட்டு வறண்டு நிற்கும். தொட்டியில் இன்னும் 7 மில்லிமீட்டர் இடம் இருக்கும். மோட்டார் கெடலாம், தரை நனையாது. எட்டாம் வகுப்புக் கன அளவுப் பாடம் இது. இதற்கு இன்ஜினியரிங் எதற்கு?

செய்ததும் ஒரே தடவையில் வரவில்லை, மறைக்க மாட்டேன். போர்டு எழுதும் கடையில் 5 மில்லிமீட்டர் அக்ரிலிக் துண்டு வெட்டி வாங்கி, கண்ணாடித் தொட்டிக்குப் போடுகிற சிலிக்கானால் ஒட்டினேன். மூன்றே வாரத்தில் வாய் பிளந்துவிட்டது. சிலிக்கான் கண்ணாடியைப் பிடிக்கும், அக்ரிலிக்கைச் சரியாகப் பிடிக்காது. போர்டு கடைத் தம்பிதான் குளோரோஃபார்ம் தொட்டு ஒட்டிக் காட்டினான். அது அக்ரிலிக்கையே கரைத்து ஒன்றாக்கிவிடும். மொட்டை மாடியில் காற்றோட்டமாக வைத்துச் செய்ய வேண்டும். ஆக்ஸா பிளேடால் பல் அறுத்தேன். முதல் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியதால் நாலு பல் வழியாக மட்டும் தண்ணீர் போனது. கொத்தனாரின் ரசமட்டத்தைக் கடன் வாங்கிச் சரிசெய்தேன். சம்பிலிருந்து மேலே வரும் குழாயில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டேன். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் அந்தக் குழாயே இன்னொரு சைபனாகித் தொட்டித் தண்ணீரைக் கீழே இழுத்துவிடும். வால்வு போடலாமே என்பீர்கள். உப்புப் பொரிந்து அது எப்போது மூடாமல் போகும் என்று சொல்ல முடியாது.

பிறகு மாடியில் வெறும் தண்ணீர் ஊற்றி, இருபது தடவை ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். மூன்று தடவை வேண்டுமென்றே குழாயில் காற்றை விட்டுச் சைபனை அறுத்தேன். வீட்டம்மா மாப்போடு நின்றாள், வேலை வரவில்லை. அதன் பிறகுதான் உப்பு கலந்தேன். கடைப் பெட்டியை இப்படி ஒரு தடவையாவது சோதித்துவிட்டு யாராவது வாங்குகிறீர்களா? நானும் செய்யவில்லையே, அதனால்தான் கேட்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். புதிதாகத் தொட்டி வாங்குபவர்கள் கண்ணாடியில் ஓட்டை போட்டே வாங்கிவிடுங்கள். அது சைபனைவிட நல்லது. ஆனால் டஃபன் கண்ணாடியில் துளை போட முயன்றால் முழுவதும் தூளாகிவிடும். தண்ணீரும் மீனும் உள்ள பழைய தொட்டியில் துளைபோடச் சொல்பவன் பேச்சைக் கேட்காதீர்கள்.

இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்பவர்களுக்கு: அந்த ராத்திரி தண்ணீர் பீரோவின் கீழ்த்தட்டுக்கும் போனது. அங்கேதான் உங்கள் குழுப் படங்கள் எல்லாம் வைத்திருந்தேன். 1998 எட்டாம் வகுப்புப் படத்தில் முன்வரிசை முகம் ஒன்றும் மிச்சமில்லை. 2003ஆம் வருஷத்துப் படம் அட்டையோடு ஒட்டிக்கொண்டது, பிரிக்க வரவில்லை. உங்கள் யாரிடமாவது இந்த இரண்டின் பிரதி இருந்தால் நன்றாக வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பின்னால் பெயர்கள் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் சேர்த்து.