புயலுக்குப் பெயர் சூட்டியவரின் கடிதம்

சுழன்றடிக்கும் புயலுக்கு 'சைக்ளோன்' என்னும் பெயரைச் சூட்டியவர் கொல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் ஆக்கிய அச்சொல், 1848-இல் வெளியான அவருடைய நூலின்வழி உலகெங்கும் பரவியது. அவர் எழுதிய எச்சரிக்கைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

ஹூக்ளி ஆறு தூர்ந்துபோகும் என்று அஞ்சிய ஆங்கிலேய அரசு, மாத்லா ஆற்றங்கரையில் மாற்றுத் துறைமுகம் அமைக்க முனைந்தது. புயலின்போது கடல் பொங்கி அவ்விடத்தை அழிக்கும் எனத் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்கு 1853-இல் பிடிங்டன் எழுதினார். ஆயினும் கானிங் துறைமுகம் எழுந்தது. 1867-ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தபோது பிடிங்டன் உயிரோடு இல்லை.

காலநிலை மாற்றம், கொள்ளைநோய், அணு ஆயுதம், செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றின் பேரிடர்களைப் பற்றிய விவாதங்களில், அறிவு போதவில்லை என்பதே வழக்கமான குறையாக ஒலிக்கிறது. கானிங்கில் அறிவு இருந்தது. சேர வேண்டிய இடத்துக்கு அது சேர்ந்தும் இருந்தது. எச்சரிக்கைக்கு விடையளிக்கும் கடமை மட்டும் எவருக்கும் இல்லை.

பட்டபின் தெளிவது சமூகத்தின் இயல்பு. 1864-இல் கொல்கத்தாவைத் தாக்கிய புயல் பல்லாயிரம் உயிர்களைப் பறித்தது. பின்வந்த பஞ்சங்களும் சேர்ந்து 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவாக வழிவகுத்தன. 2020 மே 20 அன்று அம்பான் கரையைக் கடக்குமுன் பல இலட்சம் மக்கள் வெளியேற்றப்பட்டதில் அந்த நெடிய படிப்பினையின் பயன் தெரிந்தது. ஆனால், அணுப்போர் போன்றவை பட்டுத் தெளிய இடம் தருவதில்லை.

எச்சரிக்கைகள் எல்லாம் பலிப்பதில்லை, அனைத்துக்கும் பணிந்தால் எதையும் கட்ட இயலாது என்பது நியாயமான மறுப்பே. எச்சரிக்கைக்குப் பணிவது வேறு, விடை சொல்வது வேறு. ஓர் எச்சரிக்கையைப் புறக்கணிக்கும் அதிகார அமைப்பு, அதற்கான காரணத்தை எழுத்தில், பொதுவெளியில், இழப்பைச் சுமக்கப்போகும் மக்களின் மொழியில் கூறுவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் வெளியிட 2020-இல் தில்லி உயர் நீதிமன்றமே ஆணையிட நேர்ந்தது. இந்தக் கோரிக்கை மிகையானதன்று என்பதற்கு அந்த ஆணையே சான்று.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்குண்டு. இடர்களுக்குக் கலைச்சொல் ஆக்கித் தருவதோடு ஆய்வுலகின் பணி முடிந்துவிடாது. அனுப்பிய எச்சரிக்கைக்கு என்ன விடை வந்தது என்று விடாது கேட்பதும் அதன் கடனே.