ஷாக் அப்சார்பர் மாத்தியாச்சு, சரி. வேலை முடிஞ்சுதா?

1/
இன்னைக்கு சுகர், பிரஷர் பத்தி இல்ல. கார் பத்தி. "எம்பிபிஎஸ் படிச்சுட்டு உனக்கு எதுக்கு மெக்கானிக் வேலை?"ன்னு சிலர் கேப்பீங்க. போன மாசம் எங்கம்மாவைக் கூட்டிட்டு வால்பாறை மலை ஏறும்போது நடந்ததை மொதல்ல சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
என்னோடது பழைய சின்ன கார். முன்னாடி ரெண்டு ஷாக் அப்சார்பரும் ஆயில் கசிஞ்சு, லோயர் ஆர்ம் புஷ்ஷும் கிழிஞ்சிருந்துச்சு. கோவையில ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன். டூட்டி முடிச்சு சாயங்காலம் போனா வண்டி ரெடி. "அலைன்மென்ட் பாக்கணுமாங்க?"ன்னு கேட்டேன். "பார்ட்டு தானுங்க சார் மாத்துனோம், ஸ்டியரிங்ல கையே வெக்கல. அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுங்க"ன்னாங்க. எனக்கும் அவசரம். பணத்தைக் குடுத்துட்டு வந்துட்டேன்.

3/
ரெண்டு நாள் கழிச்சு ஆழியார் தாண்டி மலை ஏறுறோம். வால்பாறை ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவு. நாலாவது வளைவுல இருந்தே "லொடக் லொடக்"னு சத்தம், ஸ்டியரிங்ல நடுக்கம். "ஏஞ்சாமி, வண்டி என்னமோ சத்தம் போடுதே"ன்னாங்க அம்மா. "ரோடு அப்படிம்மா"ன்னு சமாளிச்சேன். 9-வது வளைவு, லோம்ஸ் வியூ பாயின்ட்ல நிறுத்தி வீல் ஸ்பேனரை எடுத்தேன். இடது முன் சக்கரத்துல நாலு நட்டு. அதுல ரெண்டு வெறும் கையாலயே சுத்துது.

4/
கீழ ஆழியார் அணை அழகா தெரியுது. எனக்குக் கால் நடுங்குது. எல்லா நட்டையும் முறுக்கிட்டு, மேல போகாம, மெதுவா திருப்பி இறங்கி பொள்ளாச்சியில வேற ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். அங்க இருந்த பெரியவர் சக்கரத்தைக் கழட்டிப் பாத்துட்டு ரெண்டு வீல் ஸ்டட்டை மாத்தினார். லூஸான சக்கரம் அடிச்சு அடிச்சு மரை தேஞ்சிருந்துச்சு. "மாட்டறது பாதி வேலைங்க தம்பி. முறுக்கறதும் அளக்கறதும் மீதி"ன்னார்.

5/
இந்த இழை முழுக்க அந்த ஒரு வரிதான். சஸ்பென்ஷன் வேலைன்னா புது பார்ட்டை மாட்டறதோட முடியறதில்ல. சரியான நிலையில, சரியான அளவுக்கு முறுக்கணும். அலைன்மென்ட் பாக்கணும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு மறுபடி செக் பண்ணணும். இந்த மூணும் இல்லாத பில், முடியாத வேலைக்குப் போட்ட பில்.

6/
மொதல்ல அலைன்மென்ட். நிறைய பேர் இதையும் பேலன்ஸிங்கையும் குழப்பிக்கறாங்க. பேலன்ஸிங்னா சக்கரத்தோட எடை சுத்தியும் சமமா இருக்கான்னு பாக்கறது. அலைன்மென்ட்னா சக்கரம் எந்தக் கோணத்துல நிக்குதுன்னு பாக்கறது. மூணு கோணம் முக்கியம்.

டோ: மேல இருந்து பாத்தா ரெண்டு பாதமும் உள்ள பாக்குதா, வெளிய பாக்குதா.
கேம்பர்: முன்னாடி நின்னு பாத்தா கால் நேரா இருக்கா, வளைஞ்சிருக்கா.
காஸ்டர்: சைக்கிள் முன் ஃபோர்க் சாஞ்சிருக்கும்ல, அந்தச் சாய்வு. ஸ்டியரிங்கை விட்டதும் தானா நேருக்கு வர்றது இதனாலதான்.

7/
"ஸ்டியரிங்ல கை வெக்கல"ன்னு சொன்னது ஏன் தப்பு? இன்னைக்கு ஓடற பெரும்பாலான சின்ன கார்ல ஷாக் அப்சார்பரோட கீழ்முனைதான் ரெண்டு போல்ட்ல சக்கரத்தைத் தாங்கற நக்கிளைப் பிடிச்சிருக்கும். அந்த ஓட்டையில துளி இடைவெளி உண்டு. கழட்டி மாட்டினா பழைய இடத்துலயே உக்காரும்னு உத்தரவாதம் இல்ல. கேம்பர் மாறும், கூடவே டோவும் மாறும். புது ஸ்ப்ரிங் போட்டு வண்டி உயரம் மாறினாலும் இதே கதைதான்.

8/
ஒரு சின்ன கணக்கு. ஒரு சக்கரம் போற திசையை விட்டு 1 டிகிரி திரும்பி நின்னா, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டுல இழுத்துட்டுப் போற மாதிரி. உங்க செருப்பை அப்படித் தேச்சுட்டு நடந்து பாருங்க, எத்தனை நாள் தாங்கும்? டயர் மேல உள்ளங்கையை வெச்சுத் தடவுங்க. ஒரு பக்கம் வழவழன்னும் எதிர்ப்பக்கம் ரம்பம் மாதிரியும் இருந்தா டோ சரியில்ல. சில நூறு ரூபாய் அலைன்மென்ட்டை மிச்சம் புடிச்சு, பல ஆயிரம் ரூபா டயரைத் தொலைக்கறோம்.

9/
அடுத்தது போல்ட். இதுதான் யாரும் பேசாத விஷயம். லோயர் ஆர்ம் புஷ் பெரும்பாலும் ரப்பர். போல்ட்டை இறுக்கினதும் அதோட உள் குழாய் அசையாம நிக்கும். சக்கரம் மேல கீழ போகும்போது ரப்பர் முறுக்கிக் குடுக்கும். வண்டியை லிஃப்ட்ல தூக்கி, சக்கரம் தொங்கும்போதே அந்த போல்ட்டை ஃபுல்லா முறுக்கிட்டா? வண்டி தரைக்கு வந்ததுமே ரப்பர் முறுகின நிலைக்குப் போயிடும். சும்மா நிக்கும்போதும் அதுக்கு ஓய்வு இல்ல. புது புஷ் சீக்கிரமே கிழியும்.

10/
எலும்பு டாக்டர்கள் மூட்டு தேய்மானத்துக்கு "நின்னுட்டு எக்ஸ்ரே எடுங்க"ன்னு எழுதறதைப் பாத்திருப்பீங்க. படுத்து எடுத்தா மூட்டு இடைவெளி நல்லா இருக்கற மாதிரி தெரியும். உடம்பு எடை கால்ல இறங்கும்போதுதான் உண்மை தெரியும். காருக்கும் அதேதான். புஷ் போல்ட்டைத் தூக்கின நிலையில லேசா மட்டும் பிடிச்சு, எடை சக்கரத்துல இறங்கின பிறகு கடைசி முறுக்கு. பொள்ளாச்சியில என் வண்டியைத் தரையில நிறுத்தி அந்த போல்ட்டை லூஸ் பண்ணதும் புஷ் "டக்"னு திரும்பிச்சு. கண்ணால பாத்தேன்.

11/
முறுக்கற அளவுக்கும் நம்பர் உண்டு. சின்ன கார் வீல் நட்டுக்குப் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல பாருங்க. அதை அளக்க டார்க் ரெஞ்ச் வேணும். ஏர் கன்ல "டர்ர்ர்"னு அடிக்கறது அளவு இல்ல. கம்மியா முறுக்கினா கழலும். அதிகமா முறுக்கினா ஸ்டட் இழுபட்டு பலவீனமாகும். வரிசையா சுத்திட்டு வராம, எதிரெதிரா மாத்தி மாத்தி முறுக்கணும்.

12/
சரியா முறுக்கினாலும் மறுபடி ஏன் பாக்கணும்? முறுக்கின போல்ட்னா இழுத்துப் பிடிச்ச ஸ்ப்ரிங் மாதிரி. புது பார்ட்டோட பெயின்ட், ஓரத்துப் பிசிறு, துரு எல்லாம் ஓட ஓட அமுங்கும். அது மயிரிழை அமுங்கினாலும் பிடிப்பு குறையும். அதனாலதான் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள்ள ஒருக்கா பாக்கச் சொல்றாங்க.

13/
எங்க வார்டுல இது தினசரி பாடம். எலும்பு உடைஞ்சு தோல் கிழிஞ்சு வர்றவங்களுக்கு வெளிய கம்பி போட்டு க்ளாம்ப்ல முறுக்கி வெப்பாங்க. "ஆபரேஷன்ல முறுக்கியாச்சே"ன்னு யாரும் விட மாட்டாங்க. ரவுண்ட்ஸ்ல க்ளாம்பைத் தொட்டுப் பாத்து, லூஸா இருந்தா திரும்ப முறுக்குவாங்க. எலும்புக்குத் தர்ற அந்த மரியாதையை, எலும்பு உடையாம காப்பாத்தற சக்கரத்துக்கும் தரலாமே.

14/
2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்து பதிவானது தமிழ்நாட்டுலதான்: 64,105. முக்கியக் காரணம் வேகம், அதை மறுக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன். கேஷுவாலிட்டியில நாங்க விபத்துப் பதிவேட்டுல "கார் மரத்தில் மோதியதாகச் சொல்லப்படுகிறது"ன்னு எழுதுவோம். மோதறதுக்கு முன்னாடி எந்த நட்டு கழண்டுச்சுன்னு எழுத அதுல இடம் இல்ல. இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், நல்ல விஷயம். அந்த 48 மணி நேரமே வராம இருந்தா இன்னும் நல்லது.

15/
"எங்க தாத்தா அம்பாசடருக்கு எந்த கம்ப்யூட்டர் அலைன்மென்ட் பாத்தாங்க?"ன்னு ஒரு கேள்வி வரும். அந்தக் காலத்து மெக்கானிக்குங்க நூல் கட்டி அளந்தாங்க. கருவி மாறியிருக்கு, அளக்கறது எப்பவும் இருந்துச்சு. செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கற ஊரு நம்ம ஊரு. இந்தியாவோட முதல் ஃபார்முலா 1 டிரைவர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். இந்த ஊர்ல அளக்கத் தெரிஞ்ச கைக்குப் பஞ்சமே இல்ல.

16/
பழியை மெக்கானிக் மேல மட்டும் போடவும் மாட்டேன். "சாயங்காலம் வண்டி வேணும்"னு விரட்டறது நாமதான். "அலைன்மென்ட்டை விடுங்க, பில்லைக் குறைங்க"ன்னு பேரம் பேசறதும் நாமதான். நான் ஒரு கேள்வி கேட்டுட்டு, வந்த பதிலை அப்படியே வாங்கிட்டு வந்தவன். சத்தம் கேட்டும் அஞ்சு வளைவு ஏறினவன். அதுல என் தப்பும் இருக்கு.

17/
ஆபரேஷன் தியேட்டர்ல பெரிய பெரிய சர்ஜன்களே லிஸ்ட் வெச்சு சரிபாக்கறாங்க. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டு வந்த அந்த லிஸ்டை டெல்லி உட்பட எட்டு நகரத்து ஆஸ்பத்திரிகள்ல சோதிச்சப்ப, இறப்பு 1.5 சதவீதத்துல இருந்து 0.8-ஆ குறைஞ்சுது. யாருக்கும் வேலை தெரியாம இல்ல, அவசரத்துல மறக்கறோம். அதனால வண்டி எடுக்கும்போது நீங்க கேக்க வேண்டியது:

அ) புஷ் போல்ட்டை எடை இறங்கின பிறகு முறுக்கினீங்களா?
ஆ) வீல் நட்டுக்கு டார்க் ரெஞ்ச் போட்டீங்களா?
இ) அலைன்மென்ட் பிரின்ட் எங்க? முன்னாடி, பின்னாடி ரெண்டு ரீடிங்கும் வேணும்.
ஈ) 100 கிலோமீட்டருக்குள்ள எப்ப கொண்டு வரட்டும்?

18/
சத்தமோ, ஸ்டியரிங் நடுக்கமோ, ஒரு பக்கம் இழுக்கறதோ இருந்தா "ரோடு அப்படி"ன்னு சமாளிக்காதீங்க. ஓரமா நிறுத்துங்க.

80 கிலோமீட்டர் ஓட்டிட்டு மறுபடி பொள்ளாச்சி போனேன். டார்க் ரெஞ்ச் வெச்சப்ப ஒரு நட்டு கால் சுத்து உள்ள போச்சு. பெரியவர் காசு வாங்கல. போன வாரம் அம்மாவோட வால்பாறை போயிட்டு வந்துட்டோம், 40 வளைவும். வண்டியில சத்தமே இல்ல.

வீட்டுல கார் வெச்சிருக்கற ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க.