தூரத்துக் கிரகங்களின் காற்றும் தரையில் நிற்கும் தொலைநோக்கியும்

லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் இமாலயச் சந்திரா தொலைநோக்கி, பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் தொடர்பின் மூலம் இயக்கப்படுகிறது. இரண்டு மீட்டர் கண்ணாடி கொண்ட அதைப் போன்ற கருவிகளால் இனி என்ன பயன், விண்வெளியிலேயே ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி சுற்றும்போது தரையிலிருந்து எதைப் பார்க்கப் போகிறார்கள் என்ற கேள்வி படித்தவர்களிடையேயும் எழுகிறது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களின் காற்று மண்டலத்தை ஆராயும் துறையில் அதற்குத் தெளிவான பதில் இருக்கிறது.

ஒரு கிரகம் தன் நட்சத்திரத்தின் முகத்துக்குக் குறுக்கே கடந்து செல்லும்போது நட்சத்திரத்தின் ஒளி சற்றே மங்குகிறது. வியாழன் அளவுள்ள கிரகமானால், சூரியன் போன்ற நட்சத்திரத்தின் ஒளியில் நூற்றில் ஒரு பங்கு குறையும். 1999இல் எச்.டி. 209458 என்ற நட்சத்திரத்தில் இந்த மங்கலை முதன்முதலில் கண்டவர்களுள் டேவிட் சார்பொன்னோ பயன்படுத்தியது பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள சின்னஞ்சிறு கருவி! காற்றைக் காண்பது அதைவிடக் கடினம். கிரகத்தின் ஓரத்தில் மெல்லிய வளையமாக இருக்கும் காற்றின் ஊடே வரும் ஒளியில், அங்குள்ள சோடியமோ இரும்போ தனக்குரிய நிறத்தை விழுங்கிவிடும். அந்தக் குறைவு பெரும்பாலும் பத்தாயிரத்தில் ஓரிரு பங்குதான்.

தரையிலிருந்து இதை அளப்பவருக்கு முதல் எதிரி நம் பூமியின் காற்றே. அது ஒளியை மினுக்க வைக்கிறது. தன்னிடமுள்ள நீராவியின் கோடுகளையும் நிறமாலையில் பதித்துவிடுகிறது. எது நம் காற்று, எது அந்நியக் காற்று என்று பிரிப்பது எப்படி? கிரகம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் இங்கே கைகொடுக்கிறது. கடந்து செல்லும் சில மணி நேரத்துக்குள் அது நம்மை நோக்கி வரும் வேகம் மாறி, பின்பு விலகும் வேகமாகிறது. அதற்கேற்ப அதன் கோடுகளும் நிறமாலையில் இடம் பெயர்கின்றன. பூமியின் கோடுகளோ நின்ற இடத்திலேயே நிற்கின்றன. கூட்டத்தில் எல்லோரும் நிற்க ஒருவர் மட்டும் நடந்தால் கண்ணில் படுவார் அல்லவா, அதுபோல.

இந்த நுட்பத்துக்கு ஒளியை மிக நுண்ணியதாகப் பிரிக்கும் நிறமாலைமானி வேண்டும். ஒரு லட்சம் என்ற அளவுக்குப் பிரிதிறன் கொண்ட கருவிகள் பெரும்பாலும் தரையில்தான் உள்ளன. வெப் தொலைநோக்கியின் பிரிதிறன் சில ஆயிரங்களோடு நின்றுவிடுகிறது. 2010இல் சிலியிலுள்ள எட்டு மீட்டர் தொலைநோக்கி ஒன்றின் வழியாக, எச்.டி. 209458இன் கிரகத்தில் கார்பன் மோனாக்சைடு இருப்பதும் அங்கே பெருங்காற்று வீசுவதற்கான அறிகுறியும் தெரிந்தன. 2018இல் கெல்ட்-9 பி என்ற கொதிக்கும் கிரகத்தில் இரும்பும் டைட்டானியமும் ஆவியாக இருப்பது கண்டறியப்பட்டது. அதைக் கண்ட தொலைநோக்கி ஸ்பெயினின் லா பால்மா தீவில் உள்ளது. அதன் கண்ணாடி 3.6 மீட்டர்தான்.

இங்கேதான் இந்தியா யோசிக்க வேண்டும். நைனிடாலுக்கு அருகே தேவஸ்தலில் 2016இல் திறக்கப்பட்ட தொலைநோக்கியும் அதே 3.6 மீட்டர். ஆனால் அதன் முதல் தலைமுறைக் கருவிகளில் இத்தகைய உயர்ந்த பிரிதிறன் கொண்ட நிறமாலைமானி இடம்பெறவில்லை. ஹவாய் தீவில் கட்டப்படவிருந்த முப்பது மீட்டர் தொலைநோக்கியில் பங்கேற்க, 2014இல் மத்திய அமைச்சரவை சுமார் 1,300 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. அங்கே மலையைப் புனிதமாகக் கருதும் மக்களின் எதிர்ப்பால் 2015 முதல் கட்டுமானம் தடைப்பட்டது. பெரிய கண்ணாடி வரும்போது வரட்டும். அதுவரை கையிலுள்ள கண்ணாடிக்குத் தகுந்த கருவியைப் பொருத்தாமல் இருப்பது விவேகமல்ல. அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம் ஆபு மலையில் தன் 2.5 மீட்டர் தொலைநோக்கிக்கு 'பராஸ்-2' கருவியை அமைத்து, கிரகங்களின் எடையை அளந்து காட்டியிருக்கிறது. கைத்திறன் நாட்டில் இல்லை என்று சொல்ல முடியாது.

சிறிய தொலைநோக்கிகளுக்கு எல்லை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒளி மிக்க நட்சத்திரங்களும், வெப்பத்தால் உப்பிய பெரிய கிரகங்களுமே அவற்றுக்கு எட்டும். பூமி போன்ற கிரகத்தின் காற்று எட்டாது. ஆனால் பூகோளம் இந்தியாவுக்கு ஒரு சாதகத்தைத் தந்திருக்கிறது. ஹான்லேயில் நள்ளிரவாகும்போது சிலியில் பிற்பகல், ஹவாயில் காலை, லா பால்மாவில் இன்னும் இருட்டாத மாலை. அந்நேரத்தில் நிகழும் கடப்பை அந்தப் பெரிய தொலைநோக்கிகள் காண வழியில்லை.

கடப்பு யாருக்காகவும் காத்திருக்காது. 1769இல் சுக்கிரன் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தியை மேகம் ஏமாற்றியது. மேகத்தை யாரும் தடுக்க முடியாது. தொலைநோக்கி நேரத்தைப் பங்கிடும் முறையை மாற்றலாம். முழு இரவாகப் பங்கிடும் வழக்கத்தைத் தளர்த்தி, கடப்பு நேரும் நாலைந்து மணி நேரத்தை மட்டும் இத்துறைக்கு ஒதுக்குவது நல்லது. சூப்பர்நோவாவை ஆராய்பவர்களும் இரவுகளுக்குப் போட்டியிடுவார்கள். அவர்கள் கோரிக்கையும் நியாயமானதே. பேசித் தீர்க்கக் கூடிய விஷயம்தான்.

ஹான்லே தொலைநோக்கியையும், தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரின் 1.3 மீட்டர் தொலைநோக்கியையும் கொண்டு பெங்களூர் ஆய்வாளர்கள் ஐந்து கிரகங்களின் அளவுகளைத் திருத்தமாகக் கணித்து 2019இல் வெளியிட்டனர். ஹான்லேயைச் சுற்றி 2022இல் இருள் வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டு, அங்குள்ள கிராமத்தாருக்குத் தொலைநோக்கிகளும் பயிற்சியும் தரப்பட்டன. காவலூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அதே அக்கறை தேவை. தெருவிளக்கின் ஒளி மேல்நோக்கிச் சிதறாதபடி மூடி போடுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மாநில அரசு ஒரு ஆணை பிறப்பித்தால் போதும்.